களர் நிலத்தைத் திருத்துவது எப்படி: பிஎச் பார்ப்பதிலிருந்து முதல் நடவு வரை

நான்கு வருடங்களுக்கு முன்னால், திருச்சிக்குத் தெற்கே மணிகண்டம் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் எங்கள் பங்குக்கு வந்தது. முதல் வருடம் நட்ட நாற்று இருபதே நாளில் நுனி கருகித் திட்டுத் திட்டாகச் செத்தது. சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா வாங்கிப் போட்டேன். காசுதான் போனது. இரண்டாம் வருடம், வெள்ளையாகப் பூத்துக் கிடந்த மண்ணைப் பார்த்து, "உப்புதான், தண்ணி கட்டி வடிச்சா போயிடும்" என்று சொன்னார்கள். அதையும் செய்தேன். மண் முன்னைவிட இறுகிப் போனது. மூன்றாம் வருடம்தான் மண்ணை ஆய்வுக்குக் கொடுத்தேன். மண்ணின் காரத்தைக் காட்டும் பிஎச் எண் 9.4 என்று வந்தது. என் நிலம் உவர் இல்லை, களர். உவர் என்றால் கரையும் உப்பு மிகுந்த மண், களர் என்றால் சோடியம் மிகுந்து காரம் ஏறிய மண். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

புதிதாக நிலம் வாங்கியவர்கள், ஊருக்குத் திரும்பி விவசாயம் தொடங்குகிறவர்கள் அந்த இரண்டு வருடங்களை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. வீட்டிலேயே ஒரு முதல் சோதனை

மழை பெய்து நின்றதும் வயலுக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்து வயலில் தண்ணீர் இறங்கிவிட்டிருக்கும். உங்கள் வயலில் மூன்று நாள் ஆனாலும் கலங்கலாகவே நிற்கும். கால் வைத்தால் சோப்புத் தண்ணீரில் வைத்ததுபோல வழுக்கும். காய்ந்த பிறகு மேல்மண் ஓடு ஓடாகப் பிளந்து, மண்வெட்டி போட்டால் டங்கென்று கேட்கும். சில இடங்களில் வெள்ளைக்குப் பதிலாக எண்ணெய் சிந்தியதுபோல் கருத்த படலம் இருக்கும். மண்ணில் உள்ள மட்கைச் சோடியம் கார்பனேட் கரைத்து மேலே கொண்டுவந்ததால் வரும் கறுப்பு அது. சோடியம் கார்பனேட் வேறு ஒன்றுமில்லை, துணி துவைக்கிற சோடா உப்புதான். அந்தக் காலத்தில் துணி வெளுக்க மண் எடுத்ததும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அடுத்து, இரண்டு கண்ணாடி பாட்டில்களில் ஒரு பிடி வயல் மண்ணும் முக்கால் அளவு மழைத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்குங்கள். மழைத் தண்ணீர் இல்லை என்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் போதும். போர் தண்ணீர் வேண்டாம். ஒரு பாட்டிலில் மட்டும் ஒரு தேக்கரண்டி ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) தூளைப் போட்டு மறுபடி குலுக்குங்கள். நான் சாயங்காலம் வைத்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தேன். ஜிப்சம் போட்டதில் மண் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. போடாததில் ராத்திரி இருந்த அதே கலங்கல், பால் விட்ட டீ மாதிரி. களர் மண்ணில் களித்துகள்களைச் சோடியம் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்தே வைத்திருக்கிறது. அதனால்தான் அவை படிவதில்லை. வயலிலும் அதே துகள்கள்தான் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொண்டு தண்ணீரை இறங்கவிடாமல் செய்கின்றன.

உவர் மண்ணாக இருந்தால் ஜிப்சம் போடாத பாட்டிலும் தெளிந்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை நான் முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மஞ்சள் சோதனையும் உண்டு. வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்து, மண் கரைசலில் நனையுங்கள். தாள் ஆரத்தித் தட்டின் நிறத்துக்குத் திரும்பினால் காரம் அதிகம் என்று அர்த்தம். ஆரத்தியிலும் சுண்ணாம்பின் காரம்தான் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது. நிறம் மாறவில்லை என்பதற்காகக் களர் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். லேசான களருக்கு மஞ்சள் அசையாது.

2. பிஎச் எண்ணைப் படிக்கும் முறை

பிஎச் அளவுகோல் 0 முதல் 14 வரை. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். சமையல் சோடா கரைசல் 8.3 வாக்கில் இருக்கும், சலவை சோடா 11 வாக்கில், சுண்ணாம்புத் தெளிநீர் 12க்கு மேல். பெரும்பாலான பயிர்களுக்கு மண் 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது.

இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 8.4க்கும் 9.4க்கும் வித்தியாசம் ஒன்றுதானே என்று தோன்றும். அளவுகோலில் ஒரு படி ஏறினால் காரம் பத்து மடங்கு. 8.4 உள்ள மண்ணில் தொழு உரமும் பசுந்தாளும் கொடுத்துச் சமாளித்துவிடலாம். 9.4ல் அது எடுபடாது.

வீட்டில் அளக்கப் பேனா மாதிரியான மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கினால் பிஎச் அளவு முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில், 7 பஃபரோடு 9.2 பஃபரிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 7ல் மட்டும் சரிபார்த்த மீட்டர் 9 பக்கம் போகும்போது பிசகும். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி டிஸ்டில்டு வாட்டர் என்ற கணக்கில் கலந்து, அவ்வப்போது கிளறி, அரை மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டரை பிஎச் மீட்டர் என்று நினைத்து வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது கரைந்துள்ள உப்பின் அளவைச் சொல்லுமே தவிர, காரத்தைச் சொல்லாது.

3. மண் மாதிரி எடுப்பது

அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் கோடைதான் சரியான நேரம். எரு, உரம் போட்ட கையோடு எடுக்காதீர்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழி, வாய்க்கால் ஓரம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சரிவிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துச் சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, கடைசியில் அரைக்கிலோ மிஞ்சும்வரை செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. களர் நிலம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பயிர் ஓரளவு வரும் பகுதியையும், செத்துப்போகும் திட்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே மண் மாதிரியாகக் கொடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும். தனித்தனியாகக் கொடுங்கள். என் இரண்டு ஏக்கரில் மேல்பகுதி 8.6, பள்ளப்பகுதி 9.4. ஜிப்சம் வாங்கும்போது இந்தப் பிரிப்பு எனக்குப் பாதிச் செலவை மிச்சப்படுத்தியது.

முடிந்தால் பள்ளப்பகுதியில் ஓரிடத்தில் 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை உள்ள அடிமண்ணையும் தனியாக எடுங்கள். மேலே நன்றாக இருந்து அடியில் களர் இருந்தால் ஆழ உழக் கூடாது. உழுதால் களரை நாமே மேலே கொண்டுவந்தது போலாகிவிடும்.

4. ஆய்வகமும் காகிதங்களும்

மாதிரிப் பையில் பெயர், ஊர், சர்வே எண், முந்தைய பயிர், அடுத்துப் போடப்போகும் பயிர், பாசன ஆதாரம் எல்லாவற்றையும் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அரசு மண் பரிசோதனை நிலையத்துக்கு நேரிலும் போகலாம், வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் வழியாகவும் கொடுக்கலாம். நவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, களர் மண்ணுக்கென்றே ஆய்வு நடக்கும் இடம். எங்கள் பக்கத்துக்காரர்கள் அங்கே போய்க் கேட்பது நல்லது.

அரசு நிலையத்தில் அடிப்படை ஆய்வுக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். மண் வள அட்டையில் பிஎச், மின்கடத்துதிறன் (கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டுவது), கரிமச் சத்து, பேரூட்டம், நுண்ணூட்டம் என்று 12 விவரங்கள் வரும். பரிமாற்ற சோடியம் விழுக்காடும் (களித்துகளில் ஒட்டியிருப்பவற்றில் சோடியத்தின் பங்கு) ஜிப்சம் தேவையும் அதில் வராது. களருக்கு வைத்தியம் செய்ய வேண்டிய அளவைச் சொல்வது அந்த இரண்டும்தான். மாதிரி கொடுக்கும்போதே வாய்விட்டுக் கேட்டு, சீட்டிலும் எழுதிவிடுங்கள். தனிக் கட்டணம் ஆகும். நான் கேட்காமல் விட்டதால் மறுபடி மாதிரி எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதில் மூன்று வாரம் போனது.

முடிவு வந்ததும் இப்படிப் பாருங்கள். பிஎச் 8.5க்கு மேல், பரிமாற்ற சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல், மின்கடத்துதிறன் (டெசிசீமன்ஸ்/மீட்டர் அளவில்) 4க்குக் கீழ் என்றால் களர். மின்கடத்துதிறன் 4க்கு மேல், பிஎச் 8.5க்குக் கீழ், சோடியமும் 15க்குக் கீழ் என்றால் உவர். மின்கடத்துதிறனும் சோடியமும் இரண்டுமே அதிகம் என்றால் உவர்-களர். இந்த 4 என்ற எண் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றுக்கு உரியது. ஆய்வகம் கூடுதல் தண்ணீரில் கரைத்து அளந்திருந்தால் எண் குறைவாக வரும். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியத்துக்கு சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், சிறு குறு விவசாயி சான்று இவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். 2024-25ல் தொடங்கிய 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் களர் நிலச் சீரமைப்பும் பசுந்தாள் உர விதையும் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். இரண்டு விஷயங்களில் பலர் கோட்டை விடுகிறார்கள். பட்டா இன்னும் அப்பா, தாத்தா பெயரிலேயே இருந்தால் மானியம் சிக்கலாகும், அதனால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். அப்புறம், பதிவு செய்வதற்கு முன்பே கடையில் ஜிப்சம் வாங்கிவிட்டால் அந்த ரசீதுக்கு மானியம் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

5. தண்ணீரையும் சோதியுங்கள்

மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து அன்றைக்கே கொடுங்கள். முடிவில் 'மீத சோடியம் கார்பனேட்' என்று ஓர் எண் இருக்கும், சுருக்கமாக ஆர்எஸ்சி. லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 2.5க்கு மேலே போனால் அந்தத் தண்ணீரே உங்கள் மண்ணைக் களராக்கிக்கொண்டிருக்கிறது. மண்ணை எவ்வளவு திருத்தினாலும் மூன்று நான்கு போகத்தில் பழையபடி ஆகிவிடும். அப்படிப்பட்ட தண்ணீரை ஜிப்சம் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாக ஓடவிட்டுப் பாய்ச்சலாம், அல்லது ஏரி, வாய்க்கால் தண்ணீரோடு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

6. ஜிப்சம்: எவ்வளவு, என்ன விலை

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதிலுள்ள கால்சியம் களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீரை வெளியேற்றினால் வேலை முடிந்தது. சுண்ணாம்பிலும் கால்சியம்தானே இருக்கிறது என்று சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள். அது அமில நிலத்துக்கான மருந்து, இங்கே பிஎச்சை இறக்காது.

என் அறிக்கையில் பள்ளப்பகுதிக்கு ஜிப்சம் தேவை 10 டன் என்று இருந்தது. அது ஹெக்டேருக்கு. ஏக்கருக்கு என்று நினைத்து விலை கேட்டு மலைத்துப் போனேன். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், ஆகவே ஏக்கருக்கு 4 டன். நெல்லுக்கு இதில் பாதி போதும் என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 2 டன்.

இதோடு தூய்மைக் கணக்கையும் பார்க்க வேண்டும். மூட்டையில் 80 விழுக்காடு என்று போட்டிருந்தால், 2 டன் ஜிப்சத்துக்கு இரண்டரை டன் வாங்க வேண்டும், அதாவது 50 கிலோ மூட்டை ஐம்பது. தூய்மை அச்சிடாத மூட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கட்டி கட்டியாக இருப்பதும் கூடாது. மாவுபோல் பொடியாக இருந்தால்தான் கரையும். நான் வாங்கியபோது வண்டி வாடகையும் இறக்குகூலியும் சேர்த்து மூட்டைக்கு 300 ரூபாயை ஒட்டி ஆனது. பள்ளப்பகுதி ஓர் ஏக்கருக்கு 15,000 ரூபாய். 8.6 இருந்த மேல்பகுதிக்கு ஜிப்சம் போடவில்லை, பசுந்தாளோடு விட்டேன். வாடகை ஊருக்கு ஊர் மாறும், அதனால் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே லோடாக இறக்குவது லாபம்.

7. முதலில் வடிகால், பிறகுதான் ஜிப்சம்

கரைந்த சோடியம் வெளியே போக வழி இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது வீண். வயல் மட்டத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி ஆழத்தில் வடிகால் வாய்க்கால் வெட்டுங்கள். தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்பதை நடந்துபோய்ப் பாருங்கள். நான் வாய்க்கால் வெட்டிய அன்றே பக்கத்து வயல்காரர் வந்து நின்றார். "தம்பி, ஒங்க வயக்காட்டு உப்பை எங்கிட்ட தள்ளி விட்றாதீங்க" என்றார். "இல்லண்ணே, ஓடை வரைக்கும் கொண்டு போயிடுறேன்" என்று சொல்லி, கூடுதலாக ஒரு நாள் ஜேசிபி வைத்து ஓடைவரை வெட்டினேன். அவர் கேட்டது நியாயம். உங்கள் திட்டத்தில் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிலத்தை நன்றாகச் சமப்படுத்தி, சிறு சிறு பாத்திகளாக வரப்புக் கட்டுங்கள். மேடு பள்ளம் இருந்தால் மேட்டில் தண்ணீர் நிற்காது, அந்தத் திட்டு திருந்தாது. ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேலாக ஒரு உழவு மட்டும் ஓட்டி மேல் 10 சென்டிமீட்டர் மண்ணோடு கலந்து, தண்ணீர் கட்டுங்கள்.

ஒருமுறை தண்ணீர் கட்டினால் போதாது. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜிப்சம் லிட்டருக்கு 2.4 கிராம் அளவில்தான் கரையும். ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். முழுதாகக் கரைந்தாலும் ஒருமுறைக்கு ஒரு டன்னைத் தொடாது. வயலில் அவ்வளவு முழுமையாகவும் கரையாது. அதனால் சேற்றுழவு ஓட்டி, ஓரிரு நாள் நிறுத்தி, வடித்து, மறுபடி கட்டி என்று நான்கைந்து முறை செய்ய வேண்டும். மூன்றாவது முறை வடித்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தேன். முதல் முறை காபி நிறத்தில் வந்தது, இது வெளுத்திருந்தது.

ஜிப்சம் போடாமல் நல்ல தண்ணீரால் மட்டும் அலசினால் என்ன ஆகும்? களித்துகளைக் கொஞ்சமாவது சேர்த்துப் பிடித்திருந்த உப்பும் போய்விடும். சோடியம் மட்டும் தங்கி, மண் இன்னும் இறுகும். என் இரண்டாம் வருடம் நடந்தது அதுதான்.

8. தக்கைப்பூண்டு, அப்புறம் நெல்

மே, ஜூனில் ஜிப்சம் வேலையை முடித்துவிட்டால் சம்பாவுக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிருக்கு நேரம் கிடைக்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை. களரிலும் வளரக்கூடியது. 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். அது மட்கும்போது வெளிவரும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகி, பிஎச்சை இன்னும் கொஞ்சம் இறக்கும். முற்றவிட்டால் தண்டு நாராகிச் சீக்கிரம் மட்காது.

முதல் இரண்டு மூன்று போகத்துக்குக் களரைத் தாங்கும் ரகம்தான் போட வேண்டும். திருச்சி 1, திருச்சி 3 இரண்டும் அதற்கென்றே வந்தவை. இளம் நாற்றைத் தவிர்த்து, கொஞ்சம் வயதான நாற்றாக எடுத்து, குத்துக்கு நான்கு வைத்து நெருக்கி நடுங்கள்.

காரம் அதிகமான மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. இலையில் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள் வந்தால் அது நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். மணிச்சத்து உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் பிஎச் அதிகமான வயலில் அமோனியாவாகக் காற்றில் போய்விடும், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். மணிச்சத்துக்கு டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் நல்லது. அதிலேயே ஜிப்சம் கலந்திருக்கிறது.

9. அடுத்த கோடையில்

அறுவடை முடிந்ததும் நிலத்தைச் சும்மா போடாதீர்கள். வெயிலில் ஈரம் மேலேறும்போது அடியிலுள்ள சோடியமும் கூடவே ஏறி வரும். உளுந்து போட இது சரியான மண் இல்லை, பயறு வகைகள் களரைத் தாங்காது. இன்னொரு முறை தக்கைப்பூண்டு விதைக்கலாம், அல்லது அறுத்த தாளை மூடாக்காக விடலாம்.

அதே இடங்களில், அதே ஆழத்தில் மறுபடி மாதிரி எடுத்து ஆய்வுக்குக் கொடுங்கள். எனக்குப் பள்ளப்பகுதியில் 9.4 இருந்தது ஒரு வருடம் கழித்து 8.8 ஆனது. ஏக்கருக்குப் பதினான்கு மூட்டை நெல் கண்டது. மேல்பகுதியில் இருபத்தொன்று. ஐந்தாம் வருடத்துக்கான மாதிரியை இந்த வாரம் எடுத்து, நிழலில் உலரப் போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே பாட்டிலில் அதே மண்ணையும் மழைத் தண்ணீரில் குலுக்கி வைத்திருக்கிறேன். இந்த முறை ஜிப்சம் போடாமலே மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தெளிந்திருக்கிறது.